வீட்டோட மாப்பிள்ளை எழுந்திருக்காத திங்கட்கிழமை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அண்ணி போன வாரம் போன் செய்து, "தம்பி, ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும், இல்லாட்டி தலை வெடிச்சிடும்" என்று சொன்னது. சொல்லி முடித்ததும், "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாள். கதை எழுதுகிறவனிடம் போய் இப்படிச் சொல்வது (இங்கே ஓர் உவமை இருந்தது. சகிக்கவில்லை, எடுத்துவிட்டேன்).

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் முட்டி மோதினேன்.

"திரை இருண்டது. அவள் உள்ளத்திலும் ஓர் இருள்—" வேண்டாம்.

"விர்ச்சுவல் மெஷின் என்பது யாதெனில்—" இதைப் படித்துக் காட்டியபோது என் மனைவி கொட்டாவியை மறைக்கக்கூட முயலவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணனின் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை.

இது போதும். உண்மையும்கூட.

2

அண்ணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அண்ணன் இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்தது போலப் படம் போட்டுக் காட்டுகிறவன். அண்ணியின் பொழுதுபோக்கு, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. அவள் அதை சர்வர் என்பாள். நாள் முழுக்க உறுமிக்கொண்டு, கரண்டைக் குடித்துக்கொண்டு, என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் புரியாமல் இருப்பதால் அண்ணன் அதற்கு வைத்த பெயர் வீட்டோட மாப்பிள்ளை.

அந்த ஒரு பெட்டிக்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றன. நிஜமாக அல்ல, பெட்டி அப்படி நடிக்கிறது. அதில் ஒன்றுதான் அண்ணனுடையது. அவன் மேஜையில் இருப்பவை திரையும் கீபோர்டும் மட்டும். அவன் வேலைக்கு, திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு வலுவானதாக வேண்டும். பெட்டியில் இருந்ததோ ஒன்றே ஒன்று. அண்ணி அதை அப்படியே அண்ணனின் கம்ப்யூட்டருக்கு எழுதி வைத்துவிட்டாள். பாஸ்த்ரூ என்கிறார்கள். தானம் என்றே சொல்லலாம், ஏனென்றால் கொடுத்த பிறகு பெட்டிக்குச் சொந்தமாகத் திரை கிடையாது. கண்ணைக் கொடுத்துவிட்டு, காதை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்கிறது. அண்ணி தன் லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாக அதனுடன் பேசிக்கொள்வாள்.

(தொழில்நுட்பம் இவ்வளவுதான். சத்தியம்.)

3

"ஏம்மா, திரையில ஒண்ணுமே வரலை."

"ஒயர் சரியா இருக்கா பாருங்க."

"எல்லாம் சரியாதான் இருக்கு. ரெண்டு மணிக்கு மீட்டிங். அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இன்னிக்குக் காட்டியாகணும்."

அண்ணி லேப்டாப்பைத் திறந்து பெட்டியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. கண் ஏற்கெனவே கிடையாது; இப்போது காதும் போயிருந்தது.

அவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். காரணம், சனிக்கிழமை. ஆஸ்பத்திரிப் படம் முடிகிற வரை பெட்டியில் கை வைக்க மாட்டேன் என்று அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை அவன் முடி வெட்டிக்கொள்ளப் போன முக்கால் மணி நேரத்தில் பெட்டியை அணைத்துத் திறந்து, ஒரு புது டிஸ்க்கைச் சொருகி, மூடி, ஸ்க்ரூ முடுக்கி, கையையும் கழுவிவிட்டாள். அப்புறம் பெட்டியை மறுபடி எழுப்பிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலைதான் அது முதல் தடவையாக எழ முயன்றது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அண்ணன் முந்திக்கொண்டான்.

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நேத்து செருப்பைத் தேடறப்ப, பெட்டி மேல கால் பட்டுடுச்சு. பெருவிரல்தான். லேசா." கொஞ்சம் யோசித்தான். "ரொம்ப லேசான்னு சொல்ல முடியாது."

அண்ணி சொன்னாள்: "ஓ."

(இந்த 'ஓ'வின் மேல் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். எந்த ரத்தம் யாருடையது என்பதில் ஒரு நாளும் பிசகாத பெண் இப்படி ஓர் 'ஓ' போடுவாளா? வாசகர் நம்புவாரா? அவளையே கேட்டேன். "போட்டேனே தம்பி, என்ன பண்றது" என்றாள். ஆகவே இருக்கட்டும்.)

4

புது டிஸ்க்கைப் பிடுங்கினால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பெட்டியைத் திறக்க வேண்டும். அண்ணனோ குற்ற உணர்ச்சியில் டார்ச்சும் கையுமாகப் பெட்டியின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க போய் டீ போடுங்களேன்."

"போட்டு பிளாஸ்க்ல வச்சிட்டேன்."

"குளிச்சிட்டு வாங்க. மீட்டிங் இருக்கே."

"குளிச்சாச்சு. எதைத் திறக்கணும்னு சொல்லு, நான் கழட்டறேன்."

"திறக்கவே வேண்டாம்!" என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக.

(பக்கத்து வீட்டில் தீ என்று சொல்லி அவனை வெளியே அனுப்பும் காட்சி ஒன்று எழுதினேன். நடக்காதது. அடித்துவிட்டேன்.)

5

பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். அண்ணனின் திரையில் கொஞ்ச நேரம் வெள்ளை எழுத்துகள் ஓடின, பிறகு நின்றன. கண்ணைத் தானம் செய்யும் முன் பெட்டி எப்போதும் அப்படித்தான் எழுதும். இரண்டாவது தடவை பெட்டியின் பின்பக்கம் பார்த்தாள். நெட்வொர்க் விளக்கு பச்சையாக எரிந்தது. அண்ணனின் கம்ப்யூட்டர் கண் விழிக்க வேண்டிய அந்த நொடியில் பொட்டென்று அணைந்தது. மூன்றாவது தடவையும் அதே நொடி.

அப்போதுதான் அவளுக்குத் தன் வேலையிடத்தில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. ஒருத்தி குழாய்களின் மேலிருந்த பெயரைப் பார்க்காமல், தாங்கியில் எத்தனையாவது இடம் என்று பார்த்து முடிவுகளை எழுதினாள். நடுவில் யாரோ அவசரமாக ஒரு குழாயைச் சொருகினார்கள். எல்லாம் ஒவ்வோர் இடம் தள்ளிப்போய், பெரிய மீசைக்காரர் ஒருவர் கர்ப்பமானார். (அந்த ஒருத்தி யார் என்று கேட்டேன். அண்ணி பேச்சை மாற்றினாள்.)

பெட்டியிலும் அதேதான். 'நான்காவது இடத்தில் இருப்பதை அண்ணனுக்குக் கொடு' என்று அவள் எழுதி வைத்திருந்தாள். புது டிஸ்க் நடுவில் புகுந்ததும் எல்லோரும் ஓரிடம் தள்ளி உட்கார்ந்தார்கள். நான்காவது இடத்தில் இப்போது நெட்வொர்க் கார்டு. பெட்டி சொன்ன பேச்சைத் தட்டாமல் தன் காதை அறுத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டை ஐந்தாவது இடத்தில் வேலை வெட்டி இல்லாமல் உட்கார வைத்திருந்தது.

"நாலு இப்ப அஞ்சு!" என்று கத்தினாள்.

"என்னது?"

"அது... எல்லாம் ஓரிடம் தள்ளிப் போயிருக்குங்க."

"ஒரு உதையிலயா?"

அண்ணி ஒயரைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டாள். அண்ணன் தன் பெருவிரலை ஒருவித மரியாதையோடு பார்த்தான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பெட்டி முழுதாக எழுவதற்கு முன் வரும் அமைப்புத் திரையைப் பிடித்து, எதையும் யாருக்கும் தானம் செய்யக் கூடாது என்று பூட்டினாள். அண்ணனின் கம்ப்யூட்டர் எழவில்லை. ஆனால் பச்சை விளக்கு அணையவுமில்லை. லேப்டாப் வழியாக உள்ளே போய் நான்கை ஐந்தாக்கினாள். பூட்டைத் திறந்தாள். ஒன்று நாற்பதுக்கு அண்ணனின் திரை ஒளிர்ந்தது. படம் வந்தது, சத்தம் வரவில்லை. கார்டோடு ஒட்டிப் பிறந்த ஒலிப் பகுதியையும் சேர்த்துக் கொடுக்க மறந்திருந்தாள். அதையும் கொடுத்தபோது மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

மீட்டிங் நன்றாகவே நடந்தது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கட்டடம் பிடித்தது. மாடிப்படியை மட்டும் மாற்றச் சொன்னார்கள்.

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் அண்ணன் செருப்பு அலமாரியை வீட்டின் மறுகோடிக்கு நகர்த்தினான். அதற்கடுத்த நாள் பெட்டியைச் சுற்றி அட்டையில் ஒரு வேலி கட்டினான். அழகான வேலி, சின்னக் கதவோடு. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நுனிக்காலில் நடக்கிறான். சாப்பிடும்போது, "உன் பொருளை நான் மதிக்கவே இல்லைல்ல?" என்று கேட்கிறானாம். அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் போன் செய்தாள்.

7

முடிவுகள்:

அ) அண்ணி உண்மையைச் சொல்கிறாள், அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவ்வளவு சுலபமாகச் சிரிக்கிற ஆளில்லை அவன்.

ஆ) அண்ணனே பெட்டியைத் திறந்து டிஸ்க்கைப் பார்த்துவிடுகிறான். அந்த வேலியைத் தாண்ட அவனுக்கே தைரியம் கிடையாது.

இ) அவள் கடைசி வரை சொல்லாமலே

இதை எழுதி முடிக்க மனம் வரவில்லை. நேற்று அவளுக்கே போன் போட்டேன்.

"சொல்லிட்டீங்களா அண்ணி?"

"வாய் வரைக்கும் வருது தம்பி. அவர் அந்த வேலியத் துடைக்கறதைப் பாத்தா உள்ள போயிடுது."

"நான் இதைக் கதையா எழுதிட்டேன்."

பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது.

"பேரு போட்டிருக்கியா?"

"இல்ல."

"கால் விரல் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதுவே போதும். அச்சாகி வந்ததும் அவர் மேஜை மேல வச்சிடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

ஆகவே வாசகர்களே, உங்களுக்குக் கதை முடிந்துவிட்டது, போய் வாருங்கள். ஒருவர் மட்டும் இருக்கவும்.

அண்ணா, அது உன் விரல் இல்லை. அண்ணி இப்போது சமையலறையில்தான் நிற்பாள், உன் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போ. என்ன சொல்லப் போகிறாய் என்பதை நான் எழுதுவதாக இல்லை.