கழுவிய டேங்க்

"மூணு தடவ கழுவியாச்சுன்னு சொல்றேன்..."

"முப்பது தடவ கழுவுனாலும் அது பூச்சி மருந்து டேங்க்குங்க!"

"சோப்புப் போட்டு, புள்ள! நானே கழுவுனேன்."

"மூடியத் தொறந்து மோந்து பாருங்க. முந்தாநேத்து கத்திரிக்கு அடிச்ச வாடை இன்னும் குப்புன்னு வருது."

ரமேஷ்குமார் மோந்து பார்க்கவில்லை. முதுகில் மாட்டும் அந்த மஞ்சள் டேங்கை வாசலில் நின்ற பைக்கின் பின் சீட்டில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தான். அறுப்பு முடிந்த வயலில் மூன்று மணிக்கு செவன்ஸ் கால்பந்து ஃபைனல். கிளப்புக்கு அவன்தான் செக்ரட்டரி. மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. இடைவேளையில் ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்தி, டேங்கால் முகத்தில் தண்ணீர் தெளிப்பது அவன் கண்டுபிடிப்பு. கல்யாண வீட்டுப் பன்னீர் மாதிரி என்று கிளப்பில் எல்லோரும் மெச்சினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பன்னீருக்குப் பிறகுதான் அவன் மனைவி மௌனிகாவின் தம்பி ஈஸ்வரன் கோல் போஸ்ட்டடியில் வாந்தியெடுத்து விழுந்தான். கை நடுங்கியது, எச்சில் நிற்காமல் ஒழுகியது. வெயில்தான் என்று ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். தெளித்தது மருந்து டேங்கால் என்பது தம்பி இன்று காலை பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். சொல்லிவிட்டு, ஜெர்சியை மாட்டிக்கொண்டு அவன் மறுபடி ஆடப் போய்விட்டான்.

"மத்த ஆறு பேரும் கல்லாட்டம் நிக்கறாங்க. உன்ற தம்பிக்குத்தான் நோஞ்சான் ஒடம்பு."

"வரிசையில மொதல்ல நின்னது அவந்தானுங்க. குழாய்க்குள்ள தங்குனதெல்லாம் அவன் மூஞ்சிலதான பட்டிருக்கும்?"

"டாக்டரே வெயிலுன்னுட்டாரு. நீ அவருக்கு மேலயா?"

"டாக்டர்கிட்ட நீங்க டேங்க்கப் பத்திச் சொன்னீங்களா?"

அவன் முடிச்சை இன்னொரு தடவை இழுத்தான்.

"ரெண்டு பக்கெட்டுத் தண்ணியும் துண்டும் வெச்சாப் பத்தாதுங்களா? வெயில் தாழ்ந்து ஆடுனா என்னங்க?"

"சீஃப் கெஸ்ட்டு மூணு மணிக்கு வர்றாரு."

"அவருக்குப் பந்தல் போட்டுட்டீங்க. ஆடறவனுக்கு விஷமா?"

"ஏய், வாய மூடு. எல்லார்த்துக்கும் கேக்கும்."

"கேக்கட்டும்!"

மௌனிகா கயிற்றை அவிழ்த்து டேங்கை இறக்கினாள். உள்ளே அவன் காலையிலேயே ரொப்பிய தண்ணீர் தளும்பியது. கைப்பிடியை நாலு தடவை அமுக்கினாள். தெளிப்பான் முனையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இன்னைக்கு வரிசையில மொதல் ஆளு நீங்க. நில்லுங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். கை தானாக முகத்துக்கு முன்னால் வந்தது. ஓரடி பின்னால் வைத்தான். முதுகு சுவரில் முட்டியது.

"ஏனுங்க, கழுவுன டேங்க்தானுங்களே? கையை எடுங்க, பாக்கலாம்."