பிரேமலதாவின் தெர்மாகோல் வீடு

குவைத்திலிருந்து கணவன் ஹரிபாபு அனுப்பிய பணத்தில் கலர் டிவி வந்தபோது, பெட்டிக்குள் இருந்த தெர்மாகோலைத்தான் பிரேமலதா முதலில் எடுத்து வைத்தாள். பொம்மை வீடு செய்வதில் அவளுக்கு அப்படியொரு ஆசை. இந்த முறை, பிச்சாட்டூரில் அவன் கட்டப்போகும் வீட்டையே செய்ய நினைத்தாள்.

பிளேடால் அறுத்தால் தெர்மாகோல் மணிமணியாக உதிர்ந்தது. திருப்பதிக் கடையொன்றில் தெர்மாகோல் அறுக்கும் வெளிநாட்டுக் கட்டரின் விலையைக் கேட்டு மலைத்து நின்றாள். பக்கத்தில் ஹீட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்த கங்கையா, "எதுக்கும்மா அது? ஹீட்டர் கம்பி ஒரு துண்டு தர்றேன். ரெண்டு டார்ச் பேட்டரியில மாட்டுனா சூடேறி அறுத்துக்கினு போவும்," என்றார்.

"ஜன்னலுக்கு பிளாஸ்டிக் வெட்டணுமே, அண்ணா?"

"அது சூட்டுல உருகிப்பூடும். இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு ஒடஞ்சது இருந்தா, அதால ஆழமா கீறி ஒடிச்சிக்கோ."

அப்படியே செய்தாள். வெட்டு பிசிறில்லாமல் வந்தது.

விடுமுறையில் வந்த ஹரிபாபு பொம்மை வீட்டைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். "சமையக்கட்டு இம்மாம் பெருசா?"

"நான்தானே அதுல நின்னுக்கினு இருக்கப்போறேன்!"

அவன் சிரித்துவிட்டான். மறுநாள் மேஸ்திரி வந்ததும், தான் வரைந்து வைத்திருந்த தாளை எடுக்காமல், அந்தத் தெர்மாகோல் வீட்டையே அவர் முன்னால் வைத்தான்.