முப்பத்தோரு மூட்டை

லாரி வாசலில் வந்து நின்றபோது நான் காப்பிக் கோப்பையும் கையுமாகப் பெருமையோடு வெளியே வந்தேன். பெருமைக்குக் காரணம் இருந்தது. என் மகள் இல்வா பள்ளி பேண்டு குழுவில் ட்ராம்போன் ஊதுகிறாள். பிள்ளை பேண்டில் சேர்ந்துவிட்டால் பெற்றோர் டாய்லெட் பேப்பர் விற்றே ஆக வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். சீருடை, வாத்தியம், பஸ் செலவு எல்லாம் அந்தக் காசில்தான் ஓடுகிறது. வீட்டுக்குப் பத்து மூட்டை கட்டாயம்; முதலில் நம் காசில் வாங்கி, பிறகு விற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் தேதி தவறாமல் ஞாபகம் வைத்துப் பதிவு செய்வது என் மனைவி டோருன். இந்த வருஷம் அதை நான் செய்திருந்தேன், அதுவும் யாரும் சொல்லாமலே. பத்தோடு நிறுத்தாமல் இருபதாகவும் போட்டிருந்தேன்.

பேண்டு குழுவில் பேப்பருக்குப் பொறுப்பாளர் ஓட்கேயர். ஓய்வு பெற்ற கப்பல்காரர். லாரியின் பின்கதவைத் திறந்து மூட்டைகளைச் சரக்கு இறக்குவதுபோலவே வீசினார். ஒவ்வொரு மூட்டையும் எங்கள் நாலு வயதுப் பையன் ப்ராகேவின் உயரம் இருந்தது. இருபதாவது விழுந்ததும் நன்றி சொல்லிக் கையை நீட்டினேன். அவர் இருபத்தொன்றாவதைத் தூக்கி என் கையிலேயே போட்டார்.

"அண்ணே, இருபதுதான்."

"முப்பது தம்பி. உங்க வீட்டுல ரெண்டு ஆர்டர் வந்திருக்கு. சின்ட்ரேன்னு உங்க பேர்ல ஒரு இருபது, டோருன் பேர்ல ஒரு பத்து."

காப்பி ஆறிப்போனது. கதை புரிய வேண்டுமானால் ஜனவரியில் எங்கள் வீட்டில் நடந்த சண்டையைச் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்கடன் வட்டி ஏறிக்கொண்டே போனதால், ஞாயிறு மாலை தோறும் சமையலறை மேசையில் உட்கார்ந்து வரவு செலவு பார்ப்பது என்று வைத்திருந்தோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வேலையில் பாதி நான் செய்கிறேன் என்று ஏதோ பேச்சில் நான் வாயை விட்டுவிட்டேன். டோருன் பேனாவைக் கீழே வைத்தாள்.

"செய்றே, இல்லேங்கல. பாத்திரம் நீ, துணி நீ, சமையல் பாதிக்குப் பாதி. ஆனா சோப்பு தீந்துபோச்சுன்னு யாருக்குத் தெரியுது? எனக்கு. ப்ராகேவுக்கு பூட்ஸ் பத்தலைன்னு யாருக்குத் தெரியுது? எனக்கு. நான் சொல்றேன், நீ செய்றே. சொல்றதே ஒரு வேலைடா."

எனக்குச் சுருக்கென்றது. நான் நகராட்சியில் கழிவுநீர்ப் பிரிவில் இருக்கிறேன். இந்த ஊருக்கு அடியில் ஓடும் குழாய் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவனுக்கு ஞாபகசக்தி இல்லை என்று சொந்த வீட்டிலேயே பேச்சு. அன்றைக்கே ஞாபகங்களையும் பங்கு பிரித்தோம். சாப்பாடு, துணிமணி, பிள்ளைகளின் பல் எல்லாம் அவள் பங்கு. பேண்டு, கார், வெளியூர்ப் பயணம் என் பங்கு. ஒருவர் பங்கை இன்னொருவர் ஞாபகப்படுத்தக் கூடாது என்று நிபந்தனையும் போட்டோம்.

கூடவே செலவையும் வெட்டினோம். வெள்ளிக்கிழமை தோறும் சாப்பிடும் டாக்கோ ரொட்டிக்குள் இறைச்சி போய் பீன்ஸ் வந்தது. படம் பார்க்கும் சந்தா போனது. என் மீன்பிடிச் சாமான் கனவும் போனது. வெட்டாமல் விட்டது ஒன்றே ஒன்று. கடலுக்குள் சின்னத் தீவில் ஒரு பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது, அங்கே தங்க அறை விடுகிறார்கள். மே கடைசியில் இரண்டு ராத்திரி, நானும் டோருனும் மட்டும். இல்வா பிறந்ததிலிருந்து நாங்கள் இருவரும் தனியாக ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிக்கிற வரை யாரும் குறுக்கே வராத இடம் வேண்டும் என்று டோருன் கேட்டிருந்தாள். எனக்கும் அதே ஏக்கம்தான்.

லாரிச் சத்தம் கேட்டு டோருன் செருப்பு மாட்டாமலே வெளியே வந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீ பதிவு பண்ணிட்டியா?" என்றாள்.

"பண்ணினேன். நீ எதுக்குப் பண்ணினே?"

"நீ மறந்துடுவேன்னுதான்."

"மறக்கலையே."

"மறக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஞாபகப்படுத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? ஞாபகம் இருக்குன்னு தினம் வந்து உங்கிட்ட ஆஜர் கொடுக்கணுமா?"

"சரி, பத்து போதுமே. இருபது எதுக்கு?"

"ஆபீஸ்ல வாங்கிக்கறேன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

உண்மையில் வாய்திறந்து யாரும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் நான் பேப்பர் பேச்சை எடுத்தபோது எல்லோரும் ரொட்டியை மென்றுகொண்டே தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் வாயில் ரொட்டி இருந்தால் எதற்கும் தலையாட்டுவார்கள். அதை ஆர்டர் என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பிசகு.

டோருன் போனில் கூட்டுக் கணக்கைத் திறந்தாள். இரண்டு ஆர்டருக்கும் பணம் தானாகவே போயிருந்தது. அந்தக் கணக்கில் இருந்தது கலங்கரை விளக்க அறைக்கென்று ஒதுக்கிய காசு மட்டும்தான். புதன்கிழமைக்குள் கட்டாவிட்டால் அறை காத்திருப்புப் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். என் மனைவி அழுகிற ஆள் இல்லை. போனைப் பார்த்தபடி வெறுமனே நின்றாள்.

"அண்ணே," என்றேன் ஓட்கேயரிடம், "ஒரு இருபதை மட்டும் திருப்பி எடுத்துக்க முடியுமா..."

அவர் காதில் அது விழவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தார். "இல்வா எங்க? கூப்பிடுங்க. இந்த வருஷம் பேண்டுலயே அதிக விற்பனை அவ பேர்லதான். மே பதினேழாம் தேதி தேசிய தின ஊர்வலத்துல முன்வரிசையில கொடி பிடிக்கறது அவதான்."

இல்வா இரவு உடுப்போடு படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். போன வருஷம் கடைசி வரிசையில், பெரிய டிரம்முக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நடந்த பிள்ளை. பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி மூன்று முறை ஓடினாள். பிறகு ட்ராம்போனை எடுத்துவந்து வாசலிலேயே ஊதினாள். நானும் டோருனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திருப்பிக் கொடுக்கும் பேச்சு அத்தோடு முடிந்தது.

"வித்துடலாம்," என்றாள் டோருன்.

"வித்துடலாம்," என்றேன்.

தோட்டத்துத் தள்ளுவண்டியில் ஆறு மூட்டையை ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினோம். முதல் வீட்டில் க்ளாரினெட் வாசிக்கிற பிள்ளை, அவர்கள் நடைபாதையிலேயே பத்து மூட்டை. அடுத்த வீட்டுப் பெண் கைப்பந்து ஆடுகிறாள். கைப்பந்து குழுவும் டாய்லெட் பேப்பர்தான் விற்கிறது. அதற்கடுத்த வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் எங்களுக்கு முன்னால் அவர் முந்திக்கொண்டார்.

"நல்ல வேளை வந்தீங்க. எங்க பசங்க பனிச்சறுக்கு கிளப்புக்கு ஒரு மூட்டை வாங்கிக்கறீங்களா?"

இந்தத் தெருவில் யாருக்கும் இனி பத்து வருஷத்துக்குப் பேப்பர் தேவையில்லை என்று கழிவுநீர்ப் பிரிவு ஊழியன் என்ற முறையில் நான் உறுதி சொல்ல முடியும். கடைசி வீட்டில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பொடியன், கால்பந்து குழுவுக்காக, எழுதி வைத்ததை நடுங்கும் குரலில் படித்தான். நான் காலால் டோருனின் காலை மிதித்தேன். பலனில்லை. அவள் பல் மருத்துவரிடம் உதவியாளர், பல் இல்லாத பிள்ளை என்றால் உருகிவிடுவாள். ஆறு மூட்டையோடு போனவர்கள் ஏழு மூட்டையோடு திரும்பினோம்.

"ஒண்ணும் சொல்லாதே," என்றாள் வழியில்.

"நான் வாயே திறக்கல, மகராசி."

"மனசுக்குள்ள சொல்றே. கேக்குது."

வீட்டுக்குள் வந்தால் ப்ராகே கூடத்தை மூட்டைகளால் கோட்டையாகக் கட்டி வைத்திருந்தான். உள்ளே போகக் கடவுச்சொல் வேண்டுமாம். எங்களுக்குத் தெரியவில்லை. சொந்த வீட்டு வாசலில், சொந்தப் பேப்பர்மேல், இருவரும் தொப்பென்று உட்கார்ந்தோம். முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை வழக்கு தீரவில்லை. டோருன் சிரித்துச் சிரித்து மூட்டையிலிருந்து வழுக்கி விழுந்தாள். அவளைத் தூக்கப் போன நானும் விழுந்தேன். கோட்டைக்குள்ளிருந்து "சத்தம் போடாதீங்க" என்று அதட்டல் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் வேண்டாத வேலை பாக்கி இருந்தது. அறையை ரத்து செய்ய வேண்டும். பயணம் என் பங்கு. கலங்கரை விளக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் பொர்க்ஹில்ட் அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்த அம்மாவுக்குப் பேச்சு சிக்கனம்.

"ஏன் வரல? உடம்பு சரியில்லையா?"

"இல்லீங்கம்மா. காசு எல்லாம் டாய்லெட் பேப்பராப் போயிடுச்சு."

"எவ்வளவு?"

"முப்பத்தோரு மூட்டை."

"ரெண்டு அடுக்கா, மூணு அடுக்கா?"

"மூணுங்கம்மா."

"தம்பி, கோடை பூரா இங்க கூட்டம் வந்துக்கிட்டே இருக்கும். போன வருஷம் பேப்பர் தீந்துபோய், கொட்டற மழையில நான் படகு எடுத்துக்கிட்டுக் கரைக்கு ஓடினேன். உன் காசு எனக்கு வேண்டாம். பேப்பரைக் கொண்டா, வந்து தங்கு. ஆனா ஒண்ணு, ஒரு சுருள் நனைஞ்சாலும் அறை கிடையாது."

போனை வைத்துவிட்டு டோருனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். முதுகு பிடித்துக்கொண்டது, பரவாயில்லை. அன்று அவள் என் தோளில் கைவைத்துச் சொன்னாள்: "இனிமே உன் பங்குல நான் கை வைக்க மாட்டேன், சின்ட்ரே. நீ மறந்தா மறந்துட்டுப் போ." நானும் அதையே சத்தியமாகச் சொன்னேன்.

பதினேழாம் தேதி இல்வா கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கொடி அவளைவிடப் பெரிது, காற்று வந்தபோதெல்லாம் அவள்தான் கொடியோடு போனாள். மே கடைசி வெள்ளிக்கிழமை பிள்ளைகளை வீட்டில் என் தங்கையிடம் விட்டுவிட்டு, கார் நிறைய மூட்டையோடு துறைக்குப் போனோம். அதற்கே நாலு நடை அடிக்க வேண்டியிருந்தது. பொர்க்ஹில்ட் அம்மா படகோடு காத்திருந்தார். மூட்டைகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டோம். உட்கார இடமில்லாததால் நாங்களும் அதன்மேல் ஏறிக்கொண்டோம்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் காற்றில் தூக்கியது.

"படுடா," என்று கத்தினாள் டோருன். நான் ஒரு மூலையில் கைகாலை விரித்துப் படுத்தேன், அவள் எதிர் மூலையில். கணவன் மனைவி தனியாக ஓர் உல்லாசப் பயணம் என்று நான் கனவு கண்டது இதை அல்ல. ஆனாலும் முகத்தில் உப்புத் தண்ணீர் அடிக்க, அவள் விரல்களை என் விரல்களால் எட்டிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோது இருபது வயதுப் பையன்போல எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

பேப்பர் ஒரு சுருள்கூட நனையவில்லை. நாங்கள் நனையாத இடம் இல்லை. பொர்க்ஹில்ட் அம்மா ஒவ்வொரு மூட்டையையும் தடவிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கரைக்குத் திரும்பினார். படகுச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அடுப்பை மூட்டினோம். வேறு துணி மாற்றினோம். பசி எடுத்தது.

"சாப்பாட்டுப் பையை எங்க வெச்சே?" என்றாள் டோருன்.

"நானா? சாப்பாடு உன் பங்கு."

"கட்டினது என் பங்கு. கட்டி வாசல்ல வெச்சேன். வண்டியில ஏத்தறது பயணம். பயணம் உன் பங்கு."

"வாசல்ல இருந்ததைப் பார்த்தேன்," என்றேன்.

"நானும்தான் பார்த்தேன். ரெண்டு தடவை தாண்டிக்கிட்டு வந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சத்தியம் பண்ணினேனே. நீ எடுப்பேன்னு நம்பினேன்." அவள் என்னையே பார்த்தாள். "நீ ஏன் கேக்கல?"

"உன் சாப்பாட்டு விஷயத்துல நான் ஏன் மூக்கை நுழைக்கணும்னு இருந்துட்டேன்."

அந்த நேரம் பார்த்து என் தங்கை போனுக்குப் படம் அனுப்பினாள். ப்ராகே அந்தப் பையில் இருந்த எங்கள் இறாலைக் கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தான். இல்வாவின் கன்னத்தில் எங்கள் கேக்கின் க்ரீம். கீழே, "இவங்களுக்குன்னு நினைச்சு வெச்சுட்டுப் போனதுக்கு நன்றி" என்று எழுதியிருந்தாள்.

டோருன் அதை இரண்டு முறை படித்தாள். உதடு துடித்தது. சண்டை வரப்போகிறது என்று நான் தயாரானேன். அவள் சிரித்தாள். சேர்ந்து வாழ்ந்த பதினோரு வருஷத்தில் என்னை முழுசாக நம்பி அவள் பட்டினி கிடப்பது இதுதான் முதல்முறை. பசியோடு பசியாக எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அலமாரியில் முன்பு தங்கியவர்கள் விட்டுப்போன காய்ந்த ரொட்டி கொஞ்சமும், தக்காளியில் போட்ட மீன் டப்பா ஒன்றும் இருந்தன. நான் டப்பாவைப் பிரித்தேன். மூடியின் விளிம்பு கூராக இருந்தது. டோருன் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள், பிறகு கெட்டியாக மூடிக்கொண்டாள். அடுத்த நொடி என் விரலைக் கிழித்துக்கொண்டேன்.

அவள் எழுந்து போய் முழுச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தாள். என் விரலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். விரல் முட்டைக்கோஸ் அளவுக்கு ஆகும்வரை சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"போதும்டி," என்றேன்.

"இருக்கட்டும்," என்றாள். "இது ஒண்ணுதான் நம்மகிட்ட தாராளமா இருக்கு."