பேர் சொல்லாத செய்தி

இப்போதெல்லாம் ஆளாளுக்குக் கைப்பேசியில் குரல் அனுப்புகிறார்கள். அனுப்புகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் ஈ காக்காய் கிடையாது. இங்கே வியட்நாமில், பூ மி ஹங் பகுதி அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்கும்போது எனக்குச் சப்பென்றிருக்கிறது. எங்கள் காலத்தில் ஒரு குரல் போய்ச் சேர வேண்டுமென்றால் மீனாம்பாள் மனசு வைக்க வேண்டும். மீனாம்பாள் நான்தான்.

1999. த்ருவோங் டின் தெருவில், மாரியம்மன் கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் எங்கள் முந்திரி ஏற்றுமதி ஆபீஸ். அந்த வருஷம்தான் வாய்ஸ்மெயில் வந்தது. யார் எந்தப் பெட்டியைக் கேட்கலாம், யார் அழிக்கலாம், யார் வரவேற்புக் குரலை மாற்றலாம் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக இருக்கும். டிக் போட்டால் உரிமை உண்டு, எடுத்தால் போச்சு. அந்த டிக் என் கையில். அடேயப்பா, எனக்கிருந்த மிதப்பு!

ஆறு மணிக்கு மேல் போன் வந்தால் ஒரு பெண் குரல் வியட்நாமிய மொழியிலும் இங்கிலீஷிலும் பேசும். எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்துங்கள், தெரியாவிட்டால் யார் வேண்டுமோ அவர் பேரைச் சொல்லிச் செய்தியை விடுங்கள் என்று. அப்படி வருகிற செய்திகளெல்லாம் பொதுப்பெட்டியில் விழும். காலையில் ரிசப்ஷனிஸ்ட் லூசியேன் கேட்டு, பேர் சொன்னதை உரியவருக்கு அனுப்புவாள். பேர் சொல்லாத செய்தியை வெள்ளிக்கிழமை அழித்துவிட வேண்டும். இது மேனேஜர் அரிகிருஷ்ணன் போட்ட சட்டம். அவர் தும்முவதற்கே விதிமுறை பார்க்கிற மனுஷன்.

எங்கள் அக்கவுண்டன்ட் கரியமாணிக்கம் அண்ணன் தேவகோட்டைப் பக்கம். மனைவி நாச்சம்மை ஊரில், மாமியாரோடு. குடும்பத்தைக் கூட்டி வந்தால் கம்பெனி வீடு தரும்; வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வீடு வேறு ஆளுக்கு. 'வருகிறாயா' என்று இவர் கடிதம் மேல் கடிதம் போட்டார். பதிலெல்லாம் மாமியார் கையெழுத்தில் வந்தது, இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று.

"அவளுக்கு வர இஷ்டமில்ல மேடம். இருந்தா ஒரு போனாச்சும் பண்ணிருப்பா. ஆபீஸ் நம்பர் குடுத்துட்டுத்தான் வந்தேன்" என்றார். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு அப்படியே மூடி வைத்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை பொதுப்பெட்டி நிரம்பிவிட்டதென்று கம்ப்யூட்டர் கத்தியது. "லூசியேன் எதையும் அழிக்கிறதே இல்ல போலருக்கு. எல்லாத்தையும் துடைச்சுட்டு, சேமிக்கிற உரிமையையும் அவகிட்டேர்ந்து எடுத்துடுங்க" என்றார் அரிகிருஷ்ணன்.

லூசியேனின் அப்பா காரைக்கால்காரர், பிரெஞ்சுக்காரர் காலத்துக் குமாஸ்தா. அம்மா வியட்நாமியப் பெண். இவளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. நானும் அவளும் அரைகுறை இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். நான் டிக்கை எடுக்கப் போகிறேன் என்றதும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மதாம். ஒரு அம்மா வாரா வாரம் பேசுகிறாள். பேர் சொல்வதில்லை. என்ன சொல்கிறாள் என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் என் அப்பா இப்படித்தான் பேசுவார். அழிக்க மனசு வரவில்லை."

ரிசீவரை என் காதில் வைத்தாள்.

"ஏங்க, நான்தேன். சாப்பிட்டீகளா? யாரு வேணும், பேரைச் சொல்லுன்னு அந்தப் பொம்பள கேக்குதாம், பூத்துக்காரத் தம்பி சொல்லுது. நான் எப்படிச் சொல்லுவேன்? அவுகளத்தேன் கூப்பிடுறேன்னு சொல்லிட்டேன்."

தேவகோட்டைப் பக்கத்துப் பேச்சு! அடுத்ததைக் கேட்டேன்.

"ஏங்க, லைன்லதானே இருக்கீக? ஒரு வார்த்த பேசக் கூடாதா? கடுதாசி எழுதுனா ஆத்தா வாங்கிப் படிச்சுட்டு அவுகளே பதில் எழுதிருறாக. அவுக தூங்குன பெறகு ஓடியாந்து பேசுறேன். கோவமா?"

பாவி மகள்! மெஷினிடம் பேசுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. புருஷன் மறுமுனையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதாக நினைத்து வாரா வாரம் கெஞ்சியிருக்கிறாள். கடைசிச் செய்தி போன வாரத்தது.

"வர்ற வியாழக்கெழம ஒருக்கா பேசுவேன். அப்பயும் வாயத் தொறக்கலன்னா, என்னைய வேணாம்னு நெனச்சுக்கிறேன். பாஸ்போட்ட பொட்டியில வச்சுப் பூட்டிருறேன்."

வியாழக்கிழமை என்றால் இன்றைக்கு.

கரியமாணிக்கம் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கி, மூக்குச் சிவந்து, "நாச்சம்மதான்" என்றார். லூசியேன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அழுதால் ஆச்சா? ராத்திரி காத்திருந்து போனை எடுக்கலாமென்றால், அது அரசாங்கக் கட்டடம். ஏழு மணிக்குக் காவலாளி எல்லோரையும் வெளியே தள்ளிக் கேட்டைப் பூட்டிவிடுவான். தந்தி கொடுத்தால் மாமியார் கைக்குப் போகும். எந்த பூத் என்றும் தெரியாது. அவள் கூப்பிடும்போது இந்தப் பக்கமிருந்து பேசப் போவது வரவேற்புக் குரல் ஒன்றுதான்.

அதை மாற்றும் உரிமை என்னிடம் இருந்தது. கரியமாணிக்கம் பேருக்கு நேரே இருந்த கட்டத்தில் நானே ஒரு டிக் போட்டேன்.

"பேசுங்க அண்ணே."

"மேடம், ஊர்ல உள்ள கஸ்டமரெல்லாம் கேப்பாகளே..."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேட்டா கேட்டுட்டுப் போறாங்க! அவ பாஸ்போர்ட்டைப் பூட்டப் போறா, உங்க வாயில என்ன கொழுக்கட்டையா?"

பேசினார். முதல் இரண்டு தடவை வெறும் மூச்சுதான் பதிவானது. மூன்றாவது தடவை சரியாக வந்தது.

"நாச்சம்ம, நான்தேன். எனக்கு ஒங்கிட்ட கோவமே இல்ல. நீ பேசுனப்ப நான் லைன்ல இல்ல, மிசினு இருந்துச்சு. இன்னைக்குத்தேன் எல்லாம் கேட்டேன். வீடு தர்றாக. வாரியான்னு சொல்லு. பேரு சொல்லாட்டி இங்க அழிச்சுருவாக. அதனால எம் பேரைச் சொல்லிச் சொல்லு. தப்பில்ல. நான்தேன் சொல்றேன்ல."

வெள்ளிக்கிழமை காலை அரிகிருஷ்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறார், பாவம்.

"நம்ம கம்பெனி போன்ல யாரு அந்த நாச்சம்மை?" என்றார். முகம் மிளகாய்ப் பழமாக இருந்தது.

"மொதல்ல பெட்டியைக் கேளுங்க சார். அப்புறம் திட்டுங்க" என்றேன்.

லூசியேன் ஸ்பீக்கரைப் போட்டாள். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் கரியமாணிக்கத்தின் குரலைக் கேட்டுக் குழம்பி "ஹலோ? ஹலோ?" என்றுவிட்டு வைத்திருந்தார். அடுத்தது கரகரவென்று இரைந்தது. பூத்துக்காரன், "ஆச்சி, பேசுங்க ஆச்சி" என்றான். விசும்பல். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. கரியமாணிக்கம் அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கரிய..." என்று ஒரு சின்னக் குரல். "கரியமாணிக்கம். அவுகளுக்குத்தேன். அவுககிட்டச் சொல்லிருங்க, நாச்சம்ம வாரேன்னு சொன்னான்னு."

அரிகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பேர் சொல்லியிருக்காங்கல்ல?" என்றார் லூசியேனிடம், அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதையே மறந்து. "அப்ப உரியவருக்கு அனுப்பிடு. அதுதானே ரூல்." என் பக்கம் திரும்பி, "வரவேற்புக் குரலை மாத்தற உரிமை இனிமே உங்களுக்குக் கிடையாது" என்றார். போகட்டும். எடுத்துக்கொள்ளட்டும்.

நாச்சம்மை வந்தாள். லூசியேன் கோயிலுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது பேசு என்பாள். இவள் பருப்பு வேகாத கதையைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். லூசியேனும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த மெஷினையும் எப்போதோ காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நாச்சம்மை அடுக்களைக்குள் போனதும் கரியமாணிக்கம் அண்ணன் என் பக்கம் குனிந்து, "மேடம், அந்த மெசேஜ் எங்கயாச்சும் இருக்குமா? அதுக்கப்பறம் அவ எம் பேரைச் சொன்னதே இல்ல" என்றார்.

"இல்லண்ணே" என்றேன்.

"ஏங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, "காப்பி ஆறுது." அவர் எழுந்து போனார்.