காலணியில் மாட்டியிருந்த கல்

டோ மியோங்ஹா, பல்கலைக்கழகத்தில் பாறையியல் சொல்லிக்கொடுப்பவள். அவள் தம்பி ஜுங்யு இலையுதிர் காலத்தில் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு கங்வோன் மலைக்குப் போனான், திரும்பவில்லை. பனி விழுந்ததும் தேடலை நிறுத்திவிட்டார்கள். மேற்குப் பள்ளத்தாக்கு வழியாக மலையைத் தாண்டி, கடற்கரை ஊர் எதிலோ அவன் கோபத்தோடு பிழைத்துக்கொண்டிருப்பதாக அம்மா நம்பினாள்.

பனி உருகியதும் மீட்புப் படைத் தலைவர் பியோ ஒற்றைக் காலணியோடு ஆய்வகத்துக்கு வந்தார். மேற்கு, கிழக்கு ஓடைகள் சேரும் இடத்துக்குக் கீழே கிடைத்ததாம். ஜுங்யுவுடையதுதான்.

"ரெண்டு பக்கமும் தேட ஆளில்ல, புரொஃபசர். அடியில ஒரு கல்லு மாட்டியிருக்கு, பாருங்க."

"ஆத்துல உருண்டு வந்த கல்லா இருக்கும்."

"அப்படின்னா முனை மழுங்கியிருக்குமே. இது குத்துது."

இடுக்கியால் நெம்பி எடுத்தாள். கட்டைவிரல் நகமளவு கிரானைட் சில்லு. பூதக்கண்ணாடி இல்லாமலே மணிகள் தனித்தனியாகத் தெரிந்தன. கண்ணாடி போன்ற சாம்பல் நிறத்தில் குவார்ட்ஸ். கத்தி முனைக்குக் கீறல் விழவில்லை. பக்கத்தில் ஃபெல்ஸ்பார், தட்டையாக உடைந்து, திருப்பினால் பளிச்சிட்டது. மேற்குப் பாறையில் அது இளஞ்சிவப்பாக இருக்கும். விளக்கை மாற்றிப் பார்த்தாள். சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வெள்ளைதான். வெள்ளிநிறக் காக்காப்பொன் ஏடு ஏடாக உரிந்தது. நடுவில், கடுகைவிடச் சிறிய இரண்டு கருஞ்சிவப்பு கார்னெட் மணிகள். கிழக்கே செங்குத்துப் பாறையில் மட்டுமே இருப்பவை.

"கிழக்கு," என்றாள். "செங்குத்துப் பாறைக்குக் கிட்ட."

பியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பாறையின் அடியில், வெயிலே எட்டாத பிளவில், ஜுங்யு கிடைத்தான்.

துக்க மண்டபத்தில் அம்மா மகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வந்தவர்களெல்லாம் போட்டோவுக்கு முன்னால் குனிந்து வணங்கிவிட்டு, காரமான மாட்டிறைச்சிச் சூப்பைக் குடிக்க உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"எங்கேயோ கோவிச்சுக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்கிட்டே நானும் போய்ச் சேர்ந்திருப்பேன். அதுகூடப் பொறுக்கலையாடி உனக்கு?"

அந்தச் சில்லு இளஞ்சிவப்பாக இருந்துவிடாதா என்று தானும் திருப்பித் திருப்பிப் பார்த்ததை மியோங்ஹா எப்படிச் சொல்வாள்?

"ஆறுது, குடிம்மா," என்று கிண்ணத்தை நகர்த்தினாள்.

அம்மா கரண்டியை எடுத்தாள். குடிக்கவில்லை. "அவன் கெடந்த எடம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா வெயில் படற எடம்மா."

எதிரே உட்கார்ந்திருந்த பியோ தலை நிமிராமல் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.