கிண்ணத்துக்குள் ஒரு புள்ளி

பிரிண்டிங் பட்டறை முதலாளிக்குப் பொங்கியண்ணன் தரவேண்டிய அட்வான்ஸ் பாக்கி ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து ரூபாய். அதில் ஒரு டீக்காசுகூட அவர் வாய்க்குள் போகவில்லை. அத்தனையும் ரயிலேறி மெட்ராஸுக்குப் போய், மகள் மருதாளின் ஹாஸ்டல் சாப்பாடாகவும், பரீட்சைக் கட்டணமாகவும், செங்கல் கனத்தில் ஒரு பாரசீக அகராதியாகவும் மாறியிருந்தது.

மருதாள் பல்கலைக்கழகத்தில் வரலாறு எம்.ஏ. படித்தாள். நவாபு காலத்துக் காகிதங்களை நேராகப் படிக்க வேண்டுமென்றால் பாரசீகம் தெரிய வேண்டும் என்று யாரோ ஒரு பேராசிரியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சாயங்கால வகுப்புக்குப் போகிறாள். போன வருடம் தொடக்கநிலை தேறிவிட்டாள். இந்த வருடம் இடைநிலை. வகுப்பில் மொத்தமே ஆறு பேர்தான்.

"ஏனுங்க பொங்கியண்ணா, அந்தப் பாசைல கேட்டா எந்தக் கடைல அரிசி போடுவாங்க?" என்று சூப்பர்வைசர் கன்னையன் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பான். அச்சு டேபிளைச் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பொங்கியண்ணனும் சேர்ந்து சிரித்துவிடுவார். வேறென்ன செய்வது?

தைப்பொங்கல் நோம்பிக்கு வந்தபோது மருதாள் தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்து நோட்டு நோட்டாக எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பொங்கியண்ணனுக்கு வேலை. இரண்டு வருடம் முன்பு, நாற்பத்து நாலு வயதில், அறிவொளி வகுப்பில்தான் அவர் 'அ' எழுதினார். சின்ன வயதில் படித்தவர்களுக்கு எழுத்தைப் பார்த்ததும் சொல் தெரியும். அவருக்கு முதலில் தெரிவது கை. பேனா எங்கே உட்கார்ந்தது, எங்கே வளைந்தது, எங்கே மூச்சு விட்டு எழுந்தது என்று விரல் உளைச்சலோடு கற்றுக்கொண்ட மனிதர் அவர். மகளின் கை சோற்றுக்கைப் பக்கமிருந்து கிளம்பி எதிர்ப்பக்கம் போவதைக் கோயில் தேர் திரும்புவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் வந்துருச்சுங்கப்பா. ஆனா குறில் ஓசைய எழுதாம உட்டுருவாங்க. சொல்லு முன்னாடியே தெரிஞ்சிருந்தாத்தான் படிக்க முடியும். நடுப்படில மாட்டிட்டு நிக்கறனுங்க. மேலயும் போக முடியல, எறங்கவும் மனசில்ல."

"நானும் அப்புடித்தாங் கண்ணு பஸ் போர்டு படிக்கறேன். பாதி படிக்கறது, பாதி நாமளே போட்டுக்கறது" என்றார் அவர்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சின்னாத்தாள் சத்தம் போட்டாள். "அப்பனும் மகளும் பாதி பாதியாப் படிச்சது போதும். முழுசா வந்து சோறு திங்கோணும்."

மாசி கடைசியில் பட்டறைக்கு ஒரு ஆர்டர் வந்தது. துபாய் வியாபாரி ஒருவர் மூலம் ஈரானுக்குப் போகும் குழந்தை பனியன். நாலாயிரம் பீஸ். நெஞ்சில் ஒரு குருவி, அதன் கீழே ஒரு வரி எழுத்து. வெட்டிய முன்பக்கத் துண்டுகளை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அச்சடித்துத் தையலுக்கு அனுப்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை அன்று பொங்கியண்ணன் ஸ்கிரீனில் சாயத்தை ஊற்றி ரப்பர் கட்டையால் இழுக்கத் தொடங்கினார். பத்து, இருபது, முப்பது. நாற்பத்து மூன்றாவது துண்டில் கை நின்றுவிட்டது.

அந்த வரி அவரை உறுத்தியது. மகள் எழுதும்போது வரி முடியும் இடத்தில் அடிக்கடி ஒரு கிண்ணம் வரும். அதற்குள் கடைசியாக ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கையை எடுப்பாள். இங்கே அந்தக் கிண்ணம் வரி தொடங்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. விருந்துக்கு வந்தவர் நுழையும்போதே கை கழுவியதுபோல இருந்தது.

"கன்னையா, இது திரும்பியிருக்குதப்பா. பிலிம புரட்டி வெச்சு ஸ்கிரீன் போட்டுட்டாங்க."

எழுத்தை ஸ்கிரீனில் பதிக்கும் பிலிம் கண்ணாடி மாதிரி. இந்தப் பக்கமும் தெரியும், அந்தப் பக்கமும் தெரியும். தமிழோ இங்கிலீஷோ என்றால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். இதை யார் கண்டார்கள்?

"அந்தப் பாசையே திரும்புன பாசைங்கண்ணா. அப்புடித்தான் இருக்கும். இழுங்க."

"திரும்புன பாசை திரும்பியிருக்குதுங்கறேன்."

முதலாளி தண்டாயுதபாணி வந்தார். துண்டை இப்படியும் அப்படியும் பார்த்தார். துபாய்க்குப் போன் போட்டால் அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை, எடுக்க ஆளில்லை. "பொங்கியண்ணா, டேபிள நிறுத்தறன்னா நிறுத்திக்குங்க. ஆனா நீங்க சொல்றது தப்பா இருந்து சரக்கு இன்னைக்குப் போகாமப் போச்சுன்னா, பாக்கியக் கட்டிட்டு வேற பட்டறை பாத்துக்கோணும்."

பாக்கியைக் கட்டுவதென்றால் அடுத்த மாதப் பரீட்சைப் பணம் அதிலேயே போய்விடும். மருதாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கே வந்து பனியன் செக்கிங் டேபிளில் நிற்கவேண்டியதுதான். பொங்கியண்ணன் கையிலிருந்த சாயத்தைத் துடைத்தார். அச்சடித்த ஈரத் துண்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தார். பின்னாலேயே கன்னையன் வந்தான், அவன் பின்னால் பாதிப் பட்டறையும் வந்தது. பூத்துக்கார ஜானகியம்மாள், "கல்லாப்பெட்டி மேல சாயம் பட்டா உங்களத்தான் தொடைக்கச் சொல்லுவேன்" என்றாள்.

சாப்பாட்டு நேரம். மருதாள் ஹாஸ்டலில் இருந்தாள்.

"ஏனுங்கப்பா? அம்மாளுக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"ஆரும் சாகல கண்ணு. ஒரு எழுத்துப் படிக்கோணும்." மீட்டரில் ரூபாய் ஓடுவதைப் பார்த்தபடி அவர் சொல்லத் தொடங்கினார். "ஒரு குச்சி நிக்குது. அது தலைமேல ரெண்டு சாஞ்ச கோடு. போலீஸ்காரன் தோள்பட்டைக் கோடு மாதிரி."

"அது 'காஃப்'ங்கப்பா. கோட்டோட மேல்முனை எந்தக் கைப்பக்கம் சாயுதுங்க?"

அவர் துணியைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். பிறகு அதில் குழப்பம் வரும் என்று கன்னையனின் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். "சோத்துக்கைக்கு எதிர்க்கை."

மறுமுனையில் பேனா கீறியது.

"கிண்ணம் ஒண்ணு, உள்ள புள்ளியோட?"

"இருக்குது. சோத்துக்கைப் பக்கம், ஓரத்துல."

"நடுவுல?"

"தூண்டில் மாதிரி ஒண்ணு. ஒரு சின்ன முடிச்சு."

வரைந்த தாளைத் திருப்பிப் பிடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டுப் பல மாதம் ஆகிவிட்டது. "அப்பா, அது 'கொலெ மன்'. என் பூவேன்னு அர்த்தம். 'கொலெ'ல வர்ற அந்த 'எ' எழுத்துல இல்லீங்க, நானாப் போட்டேன்! அகராதியே பாக்காம படிச்சுட்டனுங்கப்பா! ஆமா, திரும்பித்தான் இருக்குது. ஒண்ணுகூட இழுக்காதீங்க."

முப்பத்தெட்டு ரூபாய் அறுபது காசு ஆனது. பொங்கியண்ணன் சட்டைப்பையைத் தடவுவதற்குள் கன்னையன் நாற்பதை எடுத்து வைத்தான். "அரிசி போட்டுட்டாங்கண்ணா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிலிமைப் புரட்டிப் புது ஸ்கிரீன் போட்டு, எல்லாரும் நின்று இழுத்து, ஏழு மணிக்குச் சரக்கு ஏறியது. புது அச்சின் நகலைத் துபாய்க்கு அனுப்பியிருந்தார்கள்; மறுநாள் அங்கிருந்து பேக்ஸ் வந்தது. எழுத்து சரி என்றது. முதலாளி அட்வான்ஸ் நோட்டை எடுத்தார். நாலாயிரம் துணி வீணாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரவெல்லாம் கணக்குப் போட்ட முகம். பொங்கியண்ணன் பெயர் இருந்த பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு அடித்து, அதைக் கிழித்து, அவரிடமே நீட்டினார். "உங்க புள்ள மெஸ் பில்லுல எனக்குத்தானுங்க லாபம்."

பரீட்சை முடிந்து மே மாதம் மருதாள் வீட்டுக்கு வந்தாள். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் தப்பாக அடித்த ஒரு துண்டு ஆணியில் தொங்கியது. கண்ணாடிக்குள் மட்டும் அந்த வரி சரியாக இருந்தது. கண்ணாடிச் சட்டத்தில் அந்தக் கிழித்த பக்கம் செருகியிருந்தது.

"தெனமும் மூஞ்சி மழிக்கறப்ப அதையே பாத்துட்டு நிக்கறாரு. மோவாய்ல ரெண்டு பக்கம் வெட்டிக்கிட்டாச்சு" என்றாள் சின்னாத்தாள்.

மருதாள் அந்தக் காகிதத்தை உருவிப் புரட்டினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவை அவரிடம் கொடுத்தாள். "எழுதுங்க, பாக்கறேன்."

பொங்கியண்ணன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் பேனா இடப்பக்கம் போனது. நின்றது. மெல்ல வலக்கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தது. நாக்கு நுனியைக் கடித்தபடி குச்சியை நிறுத்தி, தலையில் இரண்டு கோடு சாய்த்து, தூண்டிலை இறக்கி, முடிச்சுப் போட்டு, கிண்ணத்தை வளைத்தார். பிறகு மகளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிறையச் சாயம் வேண்டும் என்பதுபோல அழுத்தி, அதற்குள் புள்ளியை வைத்தார்.