டைசன் டயட்டில் இருக்கிறான்

பெங்களூரு விவேக் நகரில் தன்னைப்போல் நாயைப் பார்த்துக்கொள்கிற ஆள் வேறு யாரும் இல்லை என்பது பிளம்பர் சின்னப்பாவின் உறுதியான கருத்து. அதைச் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதும் இல்லை. பீரோவில் மகள் சங்கமித்ராவின் மார்க் ஷீட்டுகளுக்கு மேலே, பிளாஸ்டிக் உறைக்குள், டைசனின் தடுப்பூசிப் புத்தகம் இருக்கும். ஊசி ஒரு வருடம்கூடத் தேதி தவறியதில்லை. பூச்சி மாத்திரைக்குக் காலண்டரில் சிவப்பு வட்டம். மழைக்காலத்தில் வெளியே போய் வந்தால் நாலு பாதத்தையும் துடைத்து, விரலிடுக்கில் ஈரம் போகிற வரைக்கும் விடமாட்டார். ஏப்ரல் வெயிலில் ரோட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சுடவில்லை என்றால்தான் நடை. ஞாயிற்றுக்கிழமை காலை உண்ணி பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. தீபாவளிக்கு நடு அறையில் ஜன்னலை எல்லாம் சாத்தி, பட்டாசுச் சத்தம் கேட்காமல் இருக்க மிக்ஸியை வெறுமனே ஓட விடுவார். அப்படி ஓடியதில் ஒரு மிக்ஸி புகைந்தே போனது. மனைவி வள்ளியம்மா அதை இன்னும் மறக்கவில்லை.

இத்தனை கவனம் இருந்த மனிதருக்குச் சாப்பாட்டில் மட்டும் கண் தெரியவில்லை. கடைசித் தோசை டைசனுக்கு. சட்டியில் ஒட்டிய கறி டைசனுக்கு. தட்டில் மிஞ்சியது எல்லாம் டைசனுக்கு. ஒன்பது வயதில் அந்த நாட்டுக் கலப்பு லேப்ரடார், நாய் வடிவில் ஒரு சோபாவாகிவிட்டது.

ஆகஸ்டில், உண்ணி பார்க்கும்போது, முன்னங்காலுக்குப் பின்னால் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடினார்.

"கட்டிய எடுத்தே ஆகணும், சின்னப்பா அவரே" என்றார் டாக்டர் மமதா. கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் மரியாதையைக் கன்னடத்தில்தான் வைப்பார். "ஆனா இவ்ளோ குண்டா இருக்கறவனுக்கு மயக்க மருந்து குடுக்க எனக்கு பயம். நாலு கிலோ கொறைச்சிட்டு வாங்க. ரெண்டு மாசம் டைம். அதுக்கு மேல கட்டிய விட்டு வெக்க ஆகாது."

எடை பார்ப்பதே ஒரு கூத்து. டைசன் அந்த எடை மெஷினில் நிற்கமாட்டான். ஆடுகிற தகரம் என்றால் அவனுக்கு உயிர் போகும். அதனால் உதவியாளர் சுனில் முதலில் சின்னப்பாவைத் தனியாக ஏற்றினான்: எழுபத்திரண்டு. பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறச் சொன்னான். சிமெண்ட் மூட்டை சுமந்த தோள், தூக்கிவிட்டார். நூற்றுப் பத்து. ஆக டைசன் முப்பத்தெட்டு. முப்பத்து நாலுக்கு வர வேண்டும்.

வீட்டுக்கு வந்த சின்னப்பா சட்டம் போட்டார். டாக்டர் கொடுத்த கப்பில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது. டைசன் முதல் மூன்று நாள் சமையலறை வாசலில் படுத்து, யாரோ செத்த வீட்டு முகத்தோடு பார்த்தான். சின்னப்பாவுக்கு நெஞ்சு வெந்தது. துணைக்குத் தானும் டயட் இருப்பது என்று முடிவு செய்தார். இரவில் சோறு கட். சப்பாத்திதான். ஆறு சப்பாத்தி, தொட்டுக்கொள்ளக் குருமா. வள்ளியம்மாவின் கைக்கோ பழைய அளவுதான் பழக்கம். இதுவரை டைசனுக்குப் போய்க்கொண்டிருந்த கடைசித் தோசையும் சட்டிக் கறியும் என்ன ஆவது? சாப்பாடு வீணாவது சின்னப்பாவுக்குப் பிடிக்காது. நாயின் நலனுக்காக அந்தப் பாரத்தையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். சுனில் அவரைத் தனியாக ஏறச் சொன்னான்.

"எனக்கு எதுக்குப்பா? பத்து வருஷமா எழுபத்திரண்டுதான். ஃபைல்லயே கீது பாரு" என்று நாயோடு நேரே ஏறினார் சின்னப்பா. நூற்றுப் பத்தரை.

சுனில் கழித்துப் பார்த்தான். "முப்பத்தெட்டரை, சார். அர கிலோ ஜாஸ்தி ஆயிருக்கு. யாரோ வெளிய போடறாங்க."

சின்னப்பாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. அளந்து போட்டும் ஏறுகிறது என்றால், தெருவில் ஒரு துரோகி இருக்கிறான். பழைய அட்டை ஒன்றை எடுத்து, தமிழ், கன்னடம், இங்கிலீஷ் என மூன்று மொழியிலும் கொட்டை எழுத்தில் எழுதி, டைசன் கழுத்தில் கட்டினார்: 'டாக்டர் உத்தரவு. நான் டயட்டில் இருக்கிறேன். எதுவும் போடாதீர்கள்.' அதோடு விட்டாரா? வேலையை விட்டுவிட்டு, பத்தடி தள்ளி நாயின் பின்னாலேயே நடந்தார். நடந்தால் பசிக்கும் அல்லவா? வழியில் டீயும் மசால் வடையும்.

கோழிக்கடை சரவணன் முன்னால் டைசன் இரண்டு நிமிடம் நின்றான். அது போதும் சின்னப்பாவுக்கு.

"தோல் போட்டியா?"

"கடை மேல சத்தியமா இல்லண்ணா. போர்டு பாத்தேன். மனசு கேக்காம தலைய மட்டும் தடவினேன்."

"தடவினா அர கிலோ ஏறுமா?"

அடுத்தது நோரா ஆன்ட்டி. தெருமுனை வீடு, எழுபது வயது. அவர் கேட்டில் டைசனுக்குத் தினமும் கேக் துண்டு கிடைத்த காலம் உண்டு. "வாட் மேன் சின்னப்பா, ஒரு மாசமா நான் எதுவும் கொடுக்கல. கேட்டையே தொறக்கல, அவன் மூஞ்சி பாத்தா அழுகை வருது" என்றார். சின்னப்பா நம்பவில்லை. "என் நாய நீங்கதான் சாவடிக்கிறீங்க" என்று நடுத்தெருவில் சொல்லிவிட்டார். ஆன்ட்டி உள்ளே போனார். அன்றிலிருந்து அந்த ஜன்னலும் சாத்தியே இருந்தது.

மிச்சம் இருந்தது வள்ளியம்மாதான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டார். "உண்மைய சொல்லு. நான் இல்லாதப்ப நீதான போடற?"

அவள் அவரது தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், எழுந்து போனாள். மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அறுந்துபோன அவரது பேண்ட் கொக்கியைப் பேசாமலே தைத்துக் கொடுத்தாள். இரண்டாவது தடவை. துணி மட்டமாகிவிட்டது, துவைத்தால் சுருங்குகிறது என்று சின்னப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கெடு முடிகிற நாள் ஒரு வியாழக்கிழமை. வியாழன்தோறும் குழந்தை இயேசு கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் புகுந்து, டைசனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். இந்த முறையும் நாயோடு நேரே மெஷினில் ஏறினார். முள் ஆடி, ஆடி, நின்றது.

நூற்றுப் பன்னிரண்டு.

"நாப்பது" என்றான் சுனில், மெல்ல.

சின்னப்பா நாயை இறக்கிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டி இனி வளரும். இவனை அறுக்கவும் முடியாது, விடவும் முடியாது. ஒன்பது வருடத்துக்கு முன் டூல்ஸ் பையில் போட்டுக் கொண்டுவந்த குட்டி. "என்னால முடியல மேடம்" என்றார், உள்ளேயிருந்து வந்த டாக்டரிடம். "எல்லாரும் சேந்து இவன கொன்னுட்டாங்க."

டாக்டர் மமதா டைசனின் விலாவில் இரண்டு கையையும் வைத்தார். அழுத்திப் பார்த்தார். இடுப்பைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். பிறகு நிமிர்ந்து, நாயை விட்டுவிட்டு, சின்னப்பாவைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தார்.

"சின்னப்பா அவரே, நீங்க மட்டும் சொல்ப... கொஞ்சம் ஏறுங்க."

"நான் எழுபத்திரண்டு, மேடம்."

"ஏறுங்க."

ஏறினார். முள் எழுபத்திரண்டைத் தாண்டியது. எழுபத்தைந்தில் ஒரு கணம் யோசித்தது. எழுபத்தெட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

சுனில் விரல் விட்டு எண்ணினான். "நூத்திப் பன்னெண்டுல எழுபத்தெட்டு போனா... மேடம், முப்பத்து நாலு!"

"டைசன் கரெக்டா கொறைச்சிருக்கான்" என்றார் டாக்டர், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு. "அவன் எறக்குனத நீங்க ஏத்திக்கிட்டீங்க. அவனுக்கு சனிக்கிழமை ஆபரேஷன். உங்களுக்கு சுகர் டெஸ்ட்."

சின்னப்பா டைசனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகையில் பாதி சந்தோஷம், பாதி மானக்கேடு. அந்த இரண்டாவது பாதி தெருமுனை வரைக்கும் கூடவே வந்தது.

நோரா ஆன்ட்டியின் கேட்டைத் தட்டி நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஆன்ட்டி கேட்டு முடித்தார். சிரிக்கவில்லை. "அந்த போர்ட கழட்டு மேன்" என்றார். கிழித்துப் போடப் போகிறார் என்று நினைத்துச் சின்னப்பா கழற்றிக் கொடுத்தார். ஆன்ட்டி அதை இரண்டு கையாலும் தூக்கி, மாலை போடுவதுபோல், சின்னப்பாவின் கழுத்தில் போட்டார்.

"வீடு வரைக்கும்" என்றார்.

சின்னப்பா அட்டையோடு திரும்பினார். மெழுகுவர்த்தி விற்கிறவர்களும் பூக்காரர்களும் வியாழக்கிழமைக் கூட்டமும் மூன்று மொழியிலும் படித்துப் பார்க்க, நடந்தார். சரவணன் கடைக்கு வெளியே ஓடி வந்து படித்தான். "அண்ணா, தலைய மட்டும் தடவட்டா?" என்று கேட்டான். சின்னப்பா தலையைக் குனிந்து காட்டிவிட்டு நடந்தார். முன்னால் டைசன், வெறுங்கழுத்தோடு, வாலை ஆட்டிக்கொண்டு.

வாசலில் நின்ற வள்ளியம்மா அட்டையைப் படித்தாள். படித்து முடிக்கவில்லை, சிரிப்பு பீறிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், டைசனின் விலாவைத் தடவிப் பார்த்து, "எவ்ளோ?" என்று கேட்டாள். மூன்று வாரத்தில் முதல் வார்த்தை.

"முப்பத்து நாலு" என்றார் சின்னப்பா. "தப்பு என் மேல, வள்ளி."

சனிக்கிழமை இருவரும் கிளினிக் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணி நேரம். சின்னப்பா ஒரு டீகூடக் குடிக்கவில்லை. கடைசியில் டாக்டர் வெளியே வந்து, "ஆயித்து. சுத்தமா எடுத்தாச்சு. பாக்க வெறும் கொழுப்புக் கட்டி மாதிரிதான் இருக்கு. லேபுக்கு அனுப்பறேன், பயப்படாதீங்க. மூச்சு நல்லா விடறான்" என்றார். சின்னப்பா எழுந்து கைகூப்பினார்.

வள்ளியம்மா டிபன் டப்பாவைத் திறந்தாள். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே சப்பாத்தி, எண்ணி மூன்று. இரண்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.